டைக்கோ பிராஹியும் அவர் கண்ட புதுமீனும்

பிறப்பினாற் பெருமை பெற்றோர் உளர். பொருளினாற் பெருமை பெற்றோர் உளர். தாம் மேற்கொண்ட தொழிலைப் பழுதறச் செய்து முடித்தமையாற் பெருமை பெற்றோர் ஒரு சிலரே. டென்மார்க்கு நாட்டு வானநூற் புலவராகிய டைக்கோ பிராஹி இம்மூவகைப் பெருமையும் ஒருங்கே உடையராயிருந்தார். ஆயினும் முன்னைய இரண்டும் அவரோடே ஒழிந்தன. அவர் எழுப்பிய மாளிகை இன்று இல்லை. உலகின் அமைப்பைப்பற்றி அவர் கொண்ட கொள்கையும் பிழையென்று தள்ளுண்டது. எஞ்சி நிற்பது ஒன்றே. அஃதாவது, அவர் வானத்தை அளந்து எழுதிவைத்த கணக்கு. அக்கணக்கு நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் புதிய உண்மைகளை நமக்கு அறிவித்துக்கொண்டிருக்கும் திறத்தை அவருடைய வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்து ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

டைக்கோ 1546-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் நாள் ஸ்கானியா நாட்டில் க்னூட்ஸ்டார்ப் என்னும் மாளிகையிற் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இப்பொழுது சுவீடனைச் சேர்ந்துள்ளது. தந்தையார் பெயர் ஓட்டே பிராஹி. தாயார் பெயர் பேயாட்டே பில்லே. இரு குடும்பத்தாரும் அரசவையில் மிக்க செல்வாக்குடையவர். தந்தையாரின் உடன்பிறந்தாராகிய யோர்கன் பிராஹிக்கு மகப்பேறு இல்லை. அவர் குழந்தை டைக்கோவைப் பெற்றோர் அறியாதபடி எடுத்துச் சென்று தம் மகனாகவே வளர்த்தார். பெற்றோரும் நாளடைவில் அதற்கு இணங்கினர்.

1559-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயது நிரம்பிய டைக்கோ கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ஆம் நாள் ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கிரகணத்தைக் கண்டு வியந்தார் பலர். டைக்கோ வியந்ததோ பிறிதொன்று. வானத்தில் நிகழப்போவதை மனிதன் முன்னரே கணித்துச் சொல்ல வல்லனாயிருத்தல் தெய்வத்தன்மை வாய்ந்ததொரு செயலாக அவ்விளைஞருக்குத் தோன்றிற்று. அன்று முதல் அவர் உள்ளம் வானநூலிலேயே பதிந்தது.

வளர்ப்புத் தந்தையார் அவரைச் சட்டம் பயிலும்பொருட்டு 1562-இல் ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகருக்கு அனுப்பினார். உடன் சென்ற ஆசிரியர் வேடல் என்பவர் டைக்கோவினும் நான்கே வயது மூத்தவர். மாணாக்கர் பகலில் அவர் முன்னிலையில் சட்டம் படித்தார். இரவில் ஆசிரியர் உறங்கிய பின்னர், கைப்பிடியளவினதான ஒரு சிறு வான உருண்டையை வெளியே எடுத்து, விண்மீன் கூட்டங்களை ஒவ்வொன்றாகக் கற்றார். செலவுக்கு வந்த பணத்தை மிச்சப்படுத்தி வானநூல்களை மறைவாக வாங்கினார்.

1563-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வியாழனும் சனியும் வானத்தில் மிக நெருங்கித் தோன்றின. டைக்கோ அதனைத் தாமே நோக்கி, நூல்களிற் கண்ட கணக்கோடு ஒப்பிட்டார். பழைய அல்போன்சு வாய்பாடு ஏறக்குறைய ஒரு மாதம் தவறியிருந்தது. கோப்பர்னிக்கசின் முறையைத் தழுவிய புதிய வாய்பாடும் சில நாட்கள் தவறியிருந்தது. அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. மற்றவர் கணக்குகளைப் பழித்துரைப்பதனாற் பயனில்லை; பல்லாண்டுகள் இடைவிடாது, நல்ல கருவிகளைக்கொண்டு வானத்தை அளந்தாலன்றி இக்குறை நீங்காது என்று அவர் துணிந்தார். அத்துணிவே அவர் வாழ்நாள் முழுவதையும் நடத்திற்று.

இளமையில் அவர் மிக்க சினமுடையவர் என்பதையும் மறைத்தல் தகாது. 1566-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ராஸ்டாக் நகரில், தம் நாட்டாரான மற்றொரு பிரபுகுலத்து இளைஞரோடு சொற்போர் முற்றி வாட்போராயிற்று. அதில் டைக்கோவின் மூக்கில் ஒரு பகுதி வெட்டுண்டது. பின்னர் வாழ்நாள் முழுவதும் அவர் உலோகத்தாற் செய்த ஒட்டுமூக்கை அணிந்து வந்தார். அது பொன்னும் வெள்ளியும் கலந்தது என்று நெடுங்காலம் வழங்கி வந்தனர். 2010-இல் அவருடைய கல்லறையைத் திறந்து ஆராய்ந்தவர்களோ, எலும்பிற் பற்றியிருந்த துகள்களைக்கொண்டு அது பித்தளையே எனத் தெளிந்தனர்.

1572-ஆம் ஆண்டின் புதுமீன்

வானத்தைப்பற்றி அக்காலத்தில் நிலவிய கொள்கையை இங்கே சிறிது கூறுதல் வேண்டும். தோன்றுதல், வளர்தல், தேய்தல், அழிதல் என்னும் மாறுதல்கள் யாவும் சந்திரனுக்குக் கீழுள்ள உலகத்தில் மட்டுமே நிகழும் என்றும், சந்திரனுக்கு அப்பாலுள்ள வானம் என்றும் மாறாத தூய்மை உடையதென்றும் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் போதித்திருந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் அதனை ஐயமின்றி ஏற்றிருந்தன. வால்மீன்களையும் அவர்கள் காற்று மண்டலத்தில் எரியும் ஆவியென்றே கருதினர்.

1572-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் நாள் மாலை, டைக்கோ தம் தாய்மாமனாரின் ஆதரவில் ஹெர்ரெவாட் மடத்தில் நடத்திவந்த இரசவாதச் சாலையிலிருந்து வீடு திரும்புகையில், வழக்கம்போல் வானத்தை அண்ணாந்து நோக்கினார். துருவமீனுக்கு ஒரு புறத்திற் சப்தரிஷி மண்டலமும், அதற்கு நேர் எதிர்ப்புறத்திற் காசியோப்பியா என்னும் கூட்டமும் விளங்குதலை நம்மிற் பலர் அறிவர். அந்தக் காசியோப்பியாவில், முன் ஒரு மீனும் இல்லாத இடத்தில், வெள்ளியைப்போன்று ஒளி வீசும் ஒரு மீன் நின்றது. டைக்கோ தம் கண்களையே நம்பவில்லை. உடன் வந்த ஏவலாளரையும், வழியிற் சென்ற குடியானவரையும் அழைத்து, அவ்விடத்தில் அவர்களும் ஒரு மீனைக் காண்கின்றனரா என்று வினவித் தெளிந்த பின்னரே அதனை உண்மையென்று கொண்டார்.

அம்மீனை அவருக்குச் சில நாள் முன்னரே கண்டவர் ஐரோப்பாவில் இருந்தனர். சீன தேசத்தாரும் அதனைக் கண்டு எழுதிவைத்தனர். ஆகவே டைக்கோவின் சிறப்பு முதலிற் கண்டமையில் இல்லை, அளந்தமையிலேதான் உள்ளது. அவர் அப்பொழுதுதான் செய்து முடித்திருந்த ஒரு பெரிய கோணமானியை எடுத்து, புதுமீனுக்கும் அதனைச் சூழ்ந்த பழைய மீன்களுக்கும் உள்ள தூரங்களை நாள்தோறும் அளக்கத் தொடங்கினார்.

அவ்வளவையின் நோக்கம் யாதெனின், கையை நீட்டிப் பெருவிரலை நிறுத்தி, முதலில் ஒரு கண்ணாலும் பின்னர் மற்றொரு கண்ணாலும் நோக்கினால், விரல் பின்னணியில் இடம் மாறியதுபோலத் தோன்றும். அருகிலுள்ள பொருள் மிகுதியாகவும், தூரத்திலுள்ள பொருள் குறைவாகவும் இவ்வாறு இடம் மாறும். இதனை இடமாறு தோற்றம் என்பர். டென்மார்க்கு நாட்டிலிருந்து நோக்குவார்க்குக் காசியோப்பியா ஒருபொழுதும் மறைவதில்லை; ஓர் இரவில் அது தலைக்கு மேலும், பின்னர் வடதிசையில் தாழ்ந்தும் காணப்படும். புதுமீன் சந்திரனளவு அருகில் இருந்திருப்பின், இவ்விரு நிலைகளுக்கும் இடையே அது மற்ற மீன்களை நோக்க ஏறக்குறைய ஒரு பாகை இடம் மாறியிருத்தல் வேண்டும். டைக்கோவின் கருவிக்கு ஒரு சிறு மாறுதலும் புலப்படவில்லை. எனவே, அஃது சந்திரனுக்கு மிக அப்பால், மாறாதது என்று எண்ணப்பட்ட வானத்திலேயே தோன்றியது என்பது தெளிவாயிற்று. ஜெர்மனியில் மேஸ்ட்லின் என்னும் இளைஞர் ஒரு நூலைக் கையிற் பிடித்து நோக்கியே இதே முடிவுக்கு வந்தார். அவர் பிற்காலத்திற் கெப்ளருக்கு ஆசிரியராக விளங்கினார்.

டைக்கோ தூரத்தை அளந்ததோடு நில்லாது, ஒளியையும் முறையாகக் குறித்துவைத்தார். நவம்பரில் அது வெள்ளிக்கு நிகராகப் பகலிலும் தோன்றியது. டிசம்பரில் வியாழனைப் போன்றது. பின்னர் மாதந்தோறும் குன்றி, 1574-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்ணுக்குப் புலப்படாது மறைந்தது. நிறமும் வெண்மையிலிருந்து மஞ்சளாகி, பின் செவ்வாயையும் உரோகிணி மீனையும்போலச் சிவந்து, இறுதியிற் சனியைப்போல் வெளிறியது. ஒவ்வொரு நிலையையும் அவர் அறியப்பட்ட கோளோடும் மீனோடும் ஒப்பிட்டு எழுதியமையே பிற்காலத்தார்க்குப் பெருநிதியாயிற்று.

பிரபுகுலத்தார் நூலெழுதுதல் இழிவென்று கருதப்பட்ட காலமாதலின், இச்செய்திகளை வெளியிட டைக்கோ முதலில் தயங்கினார். நண்பர்களின் வற்புறுத்தலால் 1573-இல் புதிய விண்மீனைப்பற்றிய அவரது சிறு நூல் கோப்பன்ஹேகனில் வெளிவந்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே அவர் கிர்ஸ்டன் என்னும் பொதுக்குடிப் பெண்ணைத் தம் வாழ்க்கைத் துணைவியாகக் கொண்டார். அந்நாட்டுச் சட்டப்படி அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்குத் தந்தையின் குலப்பெருமை கிடையாது. இதனை அறிந்தும் அவர் அவளை இறுதிவரை கைவிடவில்லை.

ஹ்வேன் தீவு

டைக்கோவின் புகழ் பரவவே, அவர் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்து விடுவாரோ என்று அஞ்சிய இரண்டாம் பிரெடரிக் மன்னர், 1576-இல் ஹ்வேன் என்னும் சிறு தீவை அவருக்கு மானியமாக அளித்தார். அங்கே யுரானிபோர்க் என்னும் மாளிகை எழுந்தது. காற்றின் அசைவு கருவிகளைத் தாக்காதிருக்கும்பொருட்டு, 1584 அளவில் நிலத்தைத் தோண்டி அதனுள் ஸ்டியெர்னபோர்க் என்னும் மற்றொரு வானிலையமும் அமைக்கப்பட்டது. அச்சுக்கூடமும் காகித ஆலையும் இரசவாதச் சாலையும் அத்தீவிலேயே இருந்தன. பல நாட்டு மாணாக்கர் வந்து அவரிடம் பணி பயின்றனர். அவருடைய தங்கை சோபியாவும் வானத்தை நோக்குதலில் துணை புரிந்தாள்.

தூரதரிசினிக் கண்ணாடி அப்பொழுது இன்னும் தோன்றவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வெறுங்கண்ணாலேயே அவர் நோக்கினார். ஆயினும் கருவிகளைப் பெரியனவாக அமைத்தும், அவற்றின் பிழையை ஆராய்ந்து அறிந்தும், ஒரே பொருளைப் பன்முறை அளந்தும், ஏறக்குறைய ஒரு கலை அளவுக்கு நுட்பம் எய்தினார். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. பூரண சந்திரனின் அகலமே முப்பது கலை எனின், அந்நுட்பத்தின் அருமை விளங்கும். 1577-இல் தோன்றிய பெரிய வால்மீனும் சந்திரனுக்கு அப்பாலே சென்றது என்று அவர் அளந்து காட்டினார். கோள்களைத் தாங்கி நிற்பதாகக் கூறப்பட்ட பளிங்குக் கோளங்கள் உண்மையில் இருப்பின், அவ்வால்மீன் அவற்றை ஊடுருவிச் சென்றிருக்க இயலாது. எனவே அக்கொள்கையும் தளர்ந்தது.

ஆயினும் டைக்கோ பூமி அசையாதது என்றே நம்பினார். சூரியன் பூமியைச் சுற்றுகின்றது, ஏனைய கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்பது அவர் 1588-இல் வெளியிட்ட கொள்கை. பூமி சுழன்று செல்லுமாயின் விண்மீன்கள் ஆண்டுதோறும் இடமாறு தோற்றம் காட்டவேண்டுமே, அதனைக் காணோமே என்பது அவர் காட்டிய தடை. தடை அறிவுடையதே, விண்மீன்களின் தொலைவு அவர் எண்ணியதினும் பன்மடங்கு பெரிதாதலின் அவருடைய கருவிக்கு அது புலனாகவில்லை.

அவருடைய குணத்திலும் குறைகள் இருந்தன. ஹ்வேன் தீவின் குடியானவர்கள் கட்டாய வேலையால் வருந்தி மன்னரிடம் முறையிட்டனர். மன்னர் 1581-இல் அவ்வேலைக்கு வரம்பு வகுக்க நேர்ந்தது. வருவாயின்பொருட்டு அவரிடம் ஒப்பித்திருந்த ராஸ்கில்டு நகரத்துச் சிற்றாலயத்தின் கூரையைப் பழுதுபார்க்காது விட்டமைக்காகவும் அவர் கண்டிக்கப்பட்டார். விண்மீன் ஒவ்வொன்றுக்கும் நேர்மையாக அளவு கண்ட கை, வறியோர் உழைப்பை அளந்தபொழுது அந்நேர்மையைக் காத்திலது. அறிவுத் தொழிலிற் புகுவார் இதனை மறவாதிருத்தல் நன்று.

பிராகா நகரும் முடிவும்

1588-இல் இரண்டாம் பிரெடரிக் இறந்தார். அவருக்குப் பின் வந்த நான்காம் கிறிஸ்டியன் டைக்கோவிடம் அன்பு காட்டவில்லை, மானியங்கள் குறைக்கப்பட்டன. மனம் உடைந்த டைக்கோ 1597-இல் தம் குடும்பத்தோடும் கருவிகளோடும் குறிப்பேடுகளோடும் தாய்நாட்டை நீங்கினார். 1599-இல் பேரரசர் இரண்டாம் ருடால்பு அவரைப் பிராகா நகரில் ஆதரித்தார். 1600-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏழ்மையும் ஊக்கமும் மிக்க ஜான் கெப்ளர் அங்கு வந்து சேர்ந்தார். இருவர்க்கும் அடிக்கடி பிணக்கு நேர்ந்தது. எனினும் ஒருவரின்றி மற்றவர் கருதியது முற்றாது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

1601-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு விருந்திற் கலந்துகொண்டு திரும்பிய டைக்கோ நோய்வாய்ப்பட்டு, அம்மாதம் 24-ஆம் நாள் தமது ஐம்பத்துநான்காம் வயதிற் காலமானார். இறுதி இரவில் நினைவு தடுமாறிய நிலையில், தம் வாழ்க்கை வீணாயிற்று என்னும்படி ஆகாதிருக்கவேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பக் கூறியதாகக் கெப்ளர் எழுதிவைத்துள்ளார். அவருடைய உடல் பிராகாவின் டீன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற செவ்வாய்க் கோளின் அளவைகளைக்கொண்டு கெப்ளர் கணக்கிட்டபொழுது, வட்டப்பாதைக்கும் டைக்கோவின் அளவுக்கும் எட்டுக் கலை வேறுபாடு நின்றது. வேறொருவர் அளவாயின் அதனைப் பிழையென்று தள்ளியிருப்பார். டைக்கோ அவ்வளவு பிழைபடமாட்டார் என்று நம்பியதனாற் கெப்ளர் வட்டத்தையே கைவிட்டு, கோள்கள் நீள்வட்டத்திற் செல்லுகின்றன என்று 1609-இல் வெளியிட்டார். ஹ்வேன் தீவின் மாளிகையோ அதற்குள் இடிக்கப்பட்டு, கற்கள் வேறிடங்கட்குக் கொண்டுபோகப்பட்டன.

விண்மீனின் பின்வரலாறு

மனிதனுடைய வரலாறு கல்லறையோடு முடிவுற்றது. அவர் கண்ட மீனின் வரலாறோ முடியவில்லை. கண்ணுக்கு மறைந்ததேயன்றி அஃது அழிந்து ஒன்றுமில்லாது போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில், விண்மீன்கள் சில தம் வாழ்நாளிறுதியிற் பெருவெடிப்பாகச் சிதறுகின்றன என்பதை அறிஞர் கண்டு, அவ்வெடிப்புக்குச் சூப்பர்நோவா என்று பெயரிட்டனர். 1945-இல் வால்ட்டர் பாடே என்பவர், டைக்கோ முதலியோர் வெள்ளி, வியாழன் முதலியவற்றோடு ஒப்பிட்டு எழுதிய குறிப்புக்களை இக்கால ஒளியளவாக மாற்றி, ஒளி ஏறி இறங்கிய வரைகோட்டை எழுதினார். அக்கோடு சூப்பர்நோவாக்களின் முதல் வகைக்குரியதாக அமைந்தது. ஆகவே டைக்கோ புதிய பிறப்பென்று கருதியது உண்மையில் ஒரு பழைய மீனின் மரணமே.

1952-இல் இங்கிலாந்தில் ஹான்பரி பிரௌன், ஹசார்டு என்னும் இருவர் அவ்விடத்திலிருந்து ரேடியோ அலைகள் வருதலைக் கண்டனர். பின்னர் எக்ஸ் கதிர்க் கருவிகள் அதன் உருவத்தைத் தெளிவாகக் காட்டின. அஃது சந்திரனின் அகலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அகலமுள்ள வட்டமான குமிழி. பல ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் விரிந்துகொண்டேயிருக்கின்றது. இதனைச் சூப்பர்நோவாவின் எச்சம் என்பர்.

2008-இல் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. 1572-இல் வெடித்த ஒளியின் ஒரு பகுதி நம்மை நோக்கி நேரே வந்தது. அதனையே டைக்கோ கண்டார். வேறொரு பகுதி பக்கவாட்டிற் சென்று, தூசி நிறைந்த முகில்களில் மோதித் திரும்பி, சுற்றுவழியாக 436 ஆண்டுகள் பிந்தி நம்மை வந்தடைந்தது. மலையிற் பட்டுத் திரும்பும் குரலைப்போன்ற இவ்வெதிரொளியைப் பெரிய தூரதரிசினிகளாற் பிடித்து, நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தனர். வெள்ளைக் குறளி என்னும் சுருங்கிய மீன் ஒன்று, துணைமீனோடு கூடி வாழ்ந்த நிலையில், அணுக்கரு எரிதலால் முழுவதும் சிதறியது என்பது அதனால் உறுதிப்பட்டது. டைக்கோ கண்ட அதே ஒளியை நம் காலத்தாரும் கண்டனர் என்னலாம்.

முகிலும் அதிர்ச்சி அலையும்

விண்மீன்களுக்கிடையே உள்ள வெளி வெறுமையன்று. அதிற் சில இடங்களில் வாயு திரண்டு குளிர்ந்து, அணுக்கள் இணைந்து மூலக்கூறுகளாகி நிற்கும். அவற்றை மூலக்கூற்று முகில்கள் என்பர். அவற்றின் வெப்பநிலை உறைபனிக்கும் கீழே ஏறக்குறைய 260 சென்டிகிரேடு பாகை. புதிய மீன்கள் கருவாகி உருவாவதும் அவற்றிலேதான். அவற்றில் மிகுந்துள்ள ஹைட்ரஜன் மூலக்கூறு குளிரில் ஒளி வீசாது; ஆதலின் அதனோடு கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு வெளியிடும் 2.6 மில்லிமீட்டர் நீள ரேடியோ அலையைக்கொண்டே முகிலின் இடத்தையும் வேகத்தையும் அறிகின்றனர். 1970-இல்தான் இவ்வழி திறந்தது.

சூப்பர்நோவாவின் அதிர்ச்சி அலை இத்தகைய முகிலைச் சென்று தாக்குமாயின் யாது நிகழும்? ஆற்று வெள்ளம் வெட்டவெளியில் விரைந்தும், அடர்ந்த புதருள் மெல்லவும் செல்வதுபோல, அலை அடர்த்தி மிக்க இடத்தில் வேகம் குன்றும். சூழ்ந்த வாயுவினும் நூறு மடங்கு அடர்ந்த முகிலுள் புகுந்தால் வேகம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகும். வேகமான அலை மூலக்கூறுகளை அணுக்களாக உடைத்துவிடும். மெல்லிய அலை அவற்றை உடைக்காமற் சூடாக்கும். சூடேறிய ஹைட்ரஜன் மூலக்கூறுகள் அகச்சிவப்பு ஒளியை வீசும். கார்பன் மோனாக்சைடின் அலைவரிசை, கலங்கிய வாயுவின் வேகங்கள் பலவாதலின், அகன்று தோன்றும். மிதுன ராசியிலுள்ள ஐசி 443 என்னும் எச்சத்தில் இவ்வடையாளங்கள் யாவும் நன்கு காணப்படுகின்றன. அங்கே அலையினால் முடுக்கப்பட்ட புரோட்டான்கள் முகிலை மோதி உண்டாக்கும் காமாக் கதிர்களை, பெர்மி என்னும் விண்கலம் பிரித்தறிந்ததாக 2013-இல் வெளியிட்டனர். பூமியை எக்காலும் தாக்கும் காஸ்மிக் கதிர்களிற் சில எங்கிருந்து வருகின்றன என்னும் வினாவுக்கு அஃது ஒரு விடையாயிற்று.

இனி டைக்கோவின் எச்சத்துக்கு வருவோம். பெரிய மீன்கள் குறுகிய வாழ்நாளின ஆதலின், பிறந்த முகிலின் அருகிலேயே வெடித்து அதனைத் தாக்குதல் இயல்பு. வெள்ளைக் குறளியோ நெடுங்காலம் வாழ்ந்து, பிறப்பிடத்தை விட்டு நீங்கிய பின்னர் வெடிப்பது. அதன் அருகே முகில் இருத்தல் எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆயினும் இவ்வெச்சம் எல்லாப் புறத்தும் ஒரே வேகத்தில் விரியவில்லை. கிழக்குப் புறத்தில் மெல்லவும் மேற்குப் புறத்தில் விரைந்தும் செல்லுகின்றது. 2016-இல் ஸ்பெயின் நாட்டிலுள்ள 30 மீட்டர் ரேடியோ தூரதரிசினி முதலியவற்றால் ஆராய்ந்தவர்கள், எச்சத்தைச் சூழ்ந்து மூலக்கூற்று வாயுவினாலான குமிழி ஒன்று விரிந்துகொண்டிருப்பதாகக் கண்டு கூறினர். வெடிப்பதற்கு முன்னரே, வெள்ளைக் குறளி தன் துணைமீனிடமிருந்து பொருளைக் கவர்ந்த காலத்தில் எழுந்த காற்று அவ்வாயுவைத் தள்ளிக் குமிழியாக்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து. 2021-இல் வேறொரு குழுவினர், சந்திரா என்னும் எக்ஸ் கதிர் விண்கலம் 2003 முதல் 2015 வரை எடுத்த படங்களை ஒப்பிட்டு, அலை அண்மையிற் சில பகுதிகளில் திடீரென்று வேகம் குன்றியதைக் காட்டினர். நானூறு ஆண்டுகளாக வெற்றிடத்தில் ஓடிய அலை, குமிழியின் சுவரை நம் கண் முன்னரே முட்டுகின்றது என்பது அதன் பொருள்.

வெள்ளைக் குறளி வெடித்தற்குக் காரணம் துணைமீனிடமிருந்து சிறிது சிறிதாகப் பொருள் சேர்ந்தமையோ, மற்றொரு வெள்ளைக் குறளியோடு இணைந்தமையோ என்பது இன்னும் அறிஞரிடை வழக்காகவே நிற்கின்றது. மேற்கூறிய குமிழி முதற்காரணத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. இறந்த மீனின் வாழ்க்கையை, அது மோதும் முகில் சாட்சி சொல்லுகின்றது என்க.

இவ்வாராய்ச்சியில் டைக்கோவுக்கு உள்ள பங்கு யாது? பெரும்பாலான எச்சங்களுக்கு வயது ஊகமே. இதற்கோ பிறந்த நாள் சில நாள் அளவுக்குள் அறியப்படும். அலை இப்பொழுது செல்லும் வேகத்தை அறிந்து, வயதையும் அறிந்தால், இடையில் அது எவ்வளவு தடைப்பட்டது, எத்துணைப் பொருளை வழியில் வாரிக்கொண்டது என்பதைக் கணக்கிடலாம். அவ்வயதை நமக்கு உறுதியாக அளிப்பன 1572-ஆம் ஆண்டின் குறிப்புக்களே. அம்மீன் பால்வீதியின் நுண்பொருள் திரண்டு உண்டானது என்று டைக்கோ கருதினார். அம்மீனைப்பற்றிய மட்டில் அது தவறு. ஆயினும் விண்மீனுக்கும் அதனைச் சூழ்ந்த வெளிப்பொருளுக்கும் உறவு உண்டென்று அவர் எண்ணியது வீண்போகவில்லை. முகிலிலிருந்து மீன் பிறக்கின்றது. மீன் வெடித்துத் தன் பொருளை வெளிக்கு அளிக்கின்றது. அப்பொருள் மீண்டும் முகிலிற் கலக்கின்றது. நம் குருதியிலுள்ள இரும்பும் இவ்வாறு சிதறிய பண்டை மீன்களில் விளைந்ததே.

டைக்கோவின் கொள்கைகளிற் பல இன்று நில்லா. அவர் செருக்கும் சினமும் பாராட்டத்தக்கன அல்ல. ஆயினும் ஒரு பணியில் அவர் பொய்த்ததில்லை. தமக்கு விளங்காத ஒன்றைத் தாம் விரும்பியவாறு திருத்தாது, கண்டவாறே அளந்து, நாளும் இடமும் குறித்து, பின்வருவார்க்கு விட்டுச் சென்றார். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திற் குறிப்பேட்டைத் திறக்கும் மாணவர், எதிர்பார்த்த விடைக்கேற்ப எண்ணை மாற்றிவிட ஆசை எழும் வேளையில், இவரை நினைவாராக. கெப்ளருக்கு எட்டுக் கலையும், நமக்கு ஒரு பிறந்த நாளும் கிடைத்தது அந்நேர்மையினாலேயாம். தம் வாழ்வு வீணாகலாகாது என்று இறுதி இரவில் அவர் வேண்டிக்கொண்ட வேண்டுதலுக்குக் காசியோப்பியாவில் விரிந்து செல்லும் அவ்வலை இன்னும் விடை கூறிக்கொண்டேயிருக்கின்றது.